ஏன் வந்தனீங்கள்?

பீலெஃபெல்ட்
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சித்திரை மாதக் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. கண் புரைக்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் தந்துவிட்டார்களா? அதுவரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் இருந்து எழுதாதீர்கள். இங்கே நானும் சுலோவும் பிள்ளை நிரஞ்சனாவும் சுகம். குனிந்து நிமிர விடாத என் நாரி நோவு மட்டும் வந்த விருந்தாளி போகாததுபோல என்னோடேயே இருக்கிறது.

போன ஞாயிறு நிரஞ்சனா உங்களோடு வீடியோவில் கதைக்கப் பார்த்தாளாம். நீங்கள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டீர்களாம். "மாமிக்குக் காது கேளாட்டி டைப் பண்ணி அனுப்பலாம்தானே அப்பா" என்கிறாள். முப்பது வருடம் தபாற்கந்தோரை நடத்தியவருக்கு முத்திரை ஒட்டாமல் வருவதெல்லாம் செய்தியாகுமா என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒரு புதினம். ஆடி மாத விடுமுறையில் எங்களை ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகப் போகிறாளாம் உங்கள் மருமகள். ஏரி என்றால் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். சுற்றிவர மலையும் காடும். மாவட்ட நிர்வாகம் நடத்துகிற பூங்கா ஒன்று அதன் கரையில் இருக்கிறது. கூடாரம் அடித்துத் தங்கலாம், சைக்கிள் ஓடலாம், வள்ளம் வலிக்கலாம். சொந்த வீட்டில் கட்டில் இருக்க, காசு கட்டிப் போய் நிலத்தில் படுப்பதற்கு இந்த ஜெர்மன் சனம் மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறது.

நான் ஏலாது என்றேன். நாரியைக் காரணம் காட்டினேன். சுலோவும் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். கோயில் தேருக்கு டோர்ட்மண்ட் பக்கம் போவதற்கே ஆயிரம் தரம் யோசிக்கிறவள். "ஓம், போவம்" என்று உடனே சொல்லிவிட்டாள். இனி என் பேச்சு எடுபடாது.

மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

உங்கள் தம்பி,
குருநாதன்


கோண்டாவில்
27 மே 2024

அன்புத் தம்பி குரு,

இந்தக் கடிதம் உங்கள் எல்லோரையும் நல்லபடியாகக் காணட்டும். எனக்குக் கண் அப்படியேதான். ஆவணிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சிழுக்கிற முட்டு வருத்தம் இந்த மாதம் குறைவு.

கூடாரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்று வாசித்ததும் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. தொண்ணூற்றைந்தில் நாங்கள் சண்டைக்குள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது எங்களிடம் யாரும் காசு கேட்கவில்லை. நீ அப்போது அங்கே. உனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. இப்போதாவது அனுபவி.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தண்ணீரில் கவனம். ஆறில்லாத ஊரில் பிறந்த ஆட்கள் நாங்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்ததைத் தவிர எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தண்ணீரோடு பழக்கம் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழக்கியிருப்பார்கள். நீயும் சுலோவும் கரையோடு நில்லுங்கள்.

சுலோவுக்கு என் அன்பு. அவளை எழுதச் சொல். உன் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதுவதோடு சரி.

அன்புடன்,
கமலநாயகி


பீலெஃபெல்ட்
17 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரிக் காற்றில் இருமல் பிடித்துவிட்டது. வேறொன்றும் இல்லை. உங்கள் சுகம் எப்படி?

நடந்ததை எந்த இடத்தில் இருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. நேரடியாகவே எழுதுகிறேன். என் மனைவிக்கு நீந்தத் தெரியும், அக்கா.

எழுதிவிட்டு அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

நாங்கள் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். பிள்ளை இரண்டு கூடாரம் அடித்தாள். பக்கத்தில் ஒரு கிழவரும் மனைவியும். வருடம் முழுக்க அங்கேயே வாகன வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வாசலில் பூச்சாடிகூட உண்டு. மறுநாள் சுலோ காஸ் அடுப்பில் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். மணத்துக்கே கிழவர் தட்டோடு வந்துவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே மதிய அமைதி நேரம். பாட்டுப் போடக்கூடாது, காரை எடுக்கக்கூடாது, சத்தமாகக் கதைக்கவும் கூடாது. பிள்ளை கூடாரத்துக்குள் படுத்துவிட்டாள். நான் தண்ணீருக்குக் கிட்ட ஒரு மடக்குக் கதிரையைப் போட்டுச் சாய்ந்தேன்.

"நான் காலை நனைச்சுப்போட்டு வாறன்" என்றாள் சுலோ. தோளில் ஒரு துவாய்.

"கவனம், வழுக்கும்" என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம்.

கண் அயர்ந்திருக்க வேண்டும். முழித்தபோது அவள் இல்லை. தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மரப் பாலத்தின் நுனியில் அவளுடைய உடுப்பு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் செருப்பு, சோடியாக. அக்கா, ஒரு பொம்பிளை உடுப்பை அப்படி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். நிமிர்ந்து பார்க்கிறேன், நட்டநடு ஏரியில் கறுப்பாய் ஒரு தலை.

கரையில் நின்று கத்தினேன். சனம் கூடிவிட்டது. உயிர்காப்பாளர்களின் படகும் வந்தது. அவள் பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டாள்.

அவள் தத்தளிக்கவில்லை அக்கா, நீந்திக்கொண்டிருந்தாள். நீச்சல் உடுப்புப் போட்டிருந்தாள், முழங்கால் வரை மூடிய கறுப்பு உடுப்பு. அதை எங்கே வாங்கினாள், எங்கே ஒளித்து வைத்தாள், யார் பழக்கினார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாதாம். வெள்ளைக்காரர் சிலர் அவளுக்குக் கை தட்டினார்கள்.

வீடு திரும்பிய பிறகு நான் அவளோடு கதைக்கவில்லை. அவளும் என்னோடு கதைக்கவில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் அவளுடைய வரியை எதிர்பார்க்காதீர்கள்.

குருநாதன்


கோண்டாவில்
9 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை வாசித்து, திரும்ப வாசித்து, பக்கத்து வீட்டுச் சாருலதாவைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கண்தான் பிழை விடுகிறதோ என்ற சந்தேகம். சுலோவா? கலியாணமான புதிதில் கிணற்றுக் கட்டில் இருக்கவே பயந்த பிள்ளை அல்லவா?

எனக்கும் பெரிய அதிர்ச்சிதான். ஆனால் தம்பி, அவள் உயிரோடு வந்துவிட்டாள். மடித்து வைத்த உடுப்பைக் கண்ட உன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. அது வேறு காரியம், இது வேறு காரியம். அவள் சாகப் போகவில்லை, குளிக்கப் போயிருக்கிறாள். அதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்? வாயைத் திறந்து கேள்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பதறிப்போய்த் தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நின்றாயே, அந்தப் புத்தி இருந்ததே, அது போதும். எனக்கு உடன்பிறப்பென்று இருப்பது நீ ஒருவன்.

இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இவ்வளவு நாளில் மாறியிருக்கும்.

அக்கா


பீலெஃபெல்ட்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கண்ணுக்கு நாள் கிடைத்ததா? சத்திரசிகிச்சைக்குத் தனியே போகாதீர்கள். சாருலதாவைக் கூட்டிப் போங்கள்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். கேட்பதற்கு முன்னம் கண்டும் விட்டேன்.

சுலோ நகராட்சி நீச்சல் மண்டபத்தில் துப்புரவு வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். விடியப்புறம் போய் எட்டு மணிக்கு முடிக்கிற வேலை. வீட்டுக்கு வரப் பத்து மணியாகும். கேட்டால் "பஸ் பிந்தீட்டுது" என்பாள். வருடக்கணக்கில் அதே பதில். நானும் நம்பி, பஸ் நிறுவனத்துக்கு இரண்டு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். ஜெர்மன் மொழியில், அகராதியை வைத்துக்கொண்டு. தங்கள் பஸ்கள் நேரத்துக்குத்தான் ஓடுகின்றன என்று அவர்கள் பதில் போட்டார்கள். பொய்யர்கள் என்று ஏசினேன்.

போன செவ்வாய் அவள் வேலை முடியும் நேரத்துக்கு நான் அங்கே போனேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குளம். கயிறு பிரித்த ஓரத்து வரிசையில் சுலோ நீந்திப் போய்க்கொண்டிருந்தாள். போய், சுவரைத் தொட்டு, திரும்பி, மறுபடி போய். தண்ணீர் தெறிக்கவே இல்லை. அடுப்படியில் நடக்கிற அதே சுலோ இல்லை அது. நான் அங்கே நின்றது எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற பெண் என்னிடம் வந்து, "நீங்கள்தானா அவருடைய கணவர்? உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

"என்ன சொல்லியிருக்கிறார்?"

"உங்களுக்குத் தண்ணீர் என்றால் பயமாம்."

முன்பின் தெரியாத ஒரு பொம்பிளைக்கு என் பயம் தெரிந்திருக்கிறது. எனக்கு என் மனைவி நீந்துவது தெரியவில்லை.

அன்று பின்னேரம் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?"

"ஏன் விடாமல்?"

"இந்த வயசிலை உனக்கு எதுக்கு இது எண்டு கேட்டிருப்பியள்."

கேட்டிருப்பேன்தான். அவள் மரக்கறி வெட்டப் போய்விட்டாள். அந்தக் கதை அதோடு நின்றது.

குருநாதன்


பீலெஃபெல்ட்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமி,

நான் நிரஞ்சனா எழுதுகிறேன். நீங்கள் சுகமா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு விட்டுப் பத்து வருடம் ஆகிறது. பிழைகளை மன்னியுங்கள்.

அப்பாவின் மேசையில் உங்கள் கடிதம் திறந்து கிடந்தது. வாசித்துவிட்டேன். அது சரியில்லை என்று தெரியும். ஆனால் வாசித்ததால்தான் எழுதுகிறேன். "தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் நின்றாயே" என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பா உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

மாமி, அப்பா கரையில் நிற்கவில்லை. தண்ணீருக்குள் போனார். அவருக்கு நீந்தத் தெரியாது. போய்த் தாண்டுபோனார், மூழ்கிவிட்டார்.

அப்பா அம்மாவின் பெயரைக் கத்திய சத்தத்தில்தான் நான் எழும்பினேன். வெளியே ஓடி வந்தபோது கதிரை விழுந்து கிடந்தது. அப்பாவைக் காணவில்லை. மரப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கலங்கியிருந்தது, ஒரு கை மேலே வந்து உள்ளே போனது. எனக்கு நீந்தத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், மாமி.

அம்மா தூரத்தில் இருந்து திரும்பி வந்தா. ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக நீந்தி நான் நேரில் பார்த்ததில்லை. தலையைக் கீழே போட்டுத் தண்ணீருக்குள் மூழ்கினா. இரண்டாம் தரம் மேலே வரும்போது அப்பா அவவோடு இருந்தார். பின்னால் இருந்து அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு மல்லாக்க நீந்தி இழுத்துக்கொண்டு வந்தா. படகு வந்தபோது அம்மா அவரை நிலம் எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டா.

அப்பா நிறையத் தண்ணீர் கக்கினார். அம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா சரியில்லை. சாப்பாட்டை அளைகிறார். விறாந்தை அறையில் தனியே படுக்கிறார். அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறா. நான் நடுவில் இருந்து இரண்டு பேருக்கும் உப்பை எடுத்துக் கொடுக்கிறேன்.

நான் எழுதியதாக அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கமாட்டேன். சொல்லுங்கள். உங்கள் சொல்லைத்தான் அவர் கேட்பார்.

அன்புடன் உங்கள் மருமகள்,
நிரஞ்சனா


கோண்டாவில்
2 அக்டோபர் 2024

குரு,

பிள்ளையின் கடிதம் வந்தது. தபாற்காரன் படலையில் நீட்டினான், அங்கேயே நின்று உடைத்தேன், அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். சாருலதா வந்துதான் தூக்கினாள்.

நீ செத்துப்போய் இரண்டு மாதம் கழித்து நான் அறிந்ததுபோல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. மிளகாய் காயப் போட்டிருப்பேன்.

எனக்கு ஏன் பொய் எழுதினாய்? கரையில் நின்றாயாம். அதை நம்பி உன்னைப் புகழ்ந்து வேறு எழுதினேன். அதை நீ வாசித்துவிட்டு, என் கண்ணைப் பற்றி விசாரித்துப் பதில் போட்டிருக்கிறாய்.

நடந்ததை நடந்தபடி எழுது. அதுவரை எனக்கு வேறு புதினம் ஒன்றும் வேண்டாம்.

கமலநாயகி


பீலெஃபெல்ட்
24 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் நிலத்தில் இருந்ததாக வாசித்தது என்னை என்னவோ செய்துவிட்டது. அடிபடவில்லையே? முட்டு எப்படி? உங்களைப் பயப்படுத்தக்கூடாது என்றுதான் எழுதவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அது காரணம் இல்லை. வெட்கம்.

நடந்தபடி எழுதுகிறேன்.

உடுப்பைக் கண்டேன், தூரத்தில் தலையைக் கண்டேன், இரண்டையும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. கத்தினேன், கத்திக்கொண்டே போனேன். சப்பாத்தும் காற்சட்டையும் போட்டபடி. தண்ணீர் முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு வந்தது. அடுத்த எட்டில் நிலம் இல்லை. அணை கட்டிய ஏரி, கரை அப்படியே பள்ளமாக இறங்குகிறது. அதை ஒரு பலகையில் எழுதியும் வைத்திருந்தார்களாம்.

உள்ளே பச்சையாக இருந்தது, பிறகு இருட்டு. சாகப்போகிறவர்களுக்குப் பிள்ளை குட்டி எல்லாம் கண்ணுக்குள் வரும் என்பார்கள். எனக்கு ஒருவரும் வரவில்லை அக்கா. சப்பாத்து பாரமாக இருக்கிறது, கழற்றவேண்டும், அதுதான் நினைப்பு. அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் தெளிவில்லை. யாரோ என் தாடையைப் பிடித்தார்கள். முகம் வெளியே வந்தது. வானம் தெரிந்தது. அந்தக் கை என்னை இழுத்த பலம் இருக்கிறதே, உயிர்காப்பாளன் ஒருவன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். எந்த ஆண் பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தேன். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் சுலோ.

முப்பத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போட்ட கை. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பிறகு நடந்ததைத்தான் எழுத விருப்பமில்லை. நான் தண்ணீர் கக்கிக்கொண்டு கிடக்கிறேன். சனம் சுற்றிவர நிற்கிறது. அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். முதலுதவி என்று நினைக்காதீர்கள். அடித்தாள். "ஏன் வந்தனீங்கள்? ஆர் உங்களை வரச் சொன்னது? ஏன் வந்தனீங்கள்?" என்று கத்தினாள். அவள் என்னை நோக்கிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்தக் குரலும் எனக்குப் புதிது. வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்காதுதான். ஆனால் ஏச்சு எந்தப் பாஷையிலும் ஏச்சுத்தானே.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் பக்கத்தில் இருந்தாள். ஒரு சொல் இல்லை.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏன் வந்தேன்? காப்பாற்றப் போனேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் சந்தோசமாக நீந்திக்கொண்டிருந்த இடத்துக்கு நான் பாரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அந்த நீச்சல் மண்டபத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. அவளுக்கு நான் தேவைப்படாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவள் நன்றாக இருக்கிறாள்.

தை மாதம் அங்கே வந்து உங்களோடு இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வழிச் சீட்டாக எடுக்கலாம். பிள்ளை வளர்ந்துவிட்டாள். சுலோவுக்கு இன்னும் சொல்லவில்லை. மேல் அறை இப்போது வெறுமையாகத்தானே இருக்கிறது?

உங்கள் தம்பி,
குருநாதன்


கோண்டாவில்
14 நவம்பர் 2024

அன்பான சுலோ,

நலமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒரு கண்ணுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைப் புதுக் கண்ணால் எழுதுகிறேன். எழுத்து இவ்வளவு கறுப்பென்று மறந்திருந்தேன்.

நீ எனக்கு இவ்வளவு காலத்தில் ஒரு முழுக் கடிதம் எழுதியதில்லை. இதற்கு எழுதவேண்டும்.

என் தம்பியைத் தண்ணீரில் இருந்து எடுத்துத் தந்திருக்கிறாய். அதற்கு நன்றி என்று ஒரு சொல் எழுதி முடிக்க எனக்கு மனமில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

அவன் தை மாதம் ஒரு வழிச் சீட்டெடுத்து இங்கே வந்துவிடப் போகிறானாம். உனக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறான். நான் சொல்கிறேன். கரையில் வைத்து நீ அவனை அடித்துக் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறான். தான் உனக்குப் பாரம் என்று முடிவு கட்டிவிட்டான். அது உன் முடிவும்தான் என்றால் சொல், மேல் அறையைக் கூட்டி வைக்கிறேன். இல்லையென்றால் நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று எனக்கு எழுது. நான் கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு விளங்கவேண்டும்.

உன் மச்சாள்,
கமலநாயகி


பீலெஃபெல்ட்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கு ஒரு கண் வெளித்தது கேட்டுச் சந்தோசம். மற்றக் கண்ணையும் தள்ளிப் போடாமல் செய்துவிடுங்கள். நாங்கள் நல்ல சுகம். இங்கே பனி தொடங்கிவிட்டது.

எனக்கு எழுத வராது. வந்தபடி எழுதுகிறேன்.

சீட்டு விசயம் உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். வாசித்துவிட்டு அடுப்பை நிற்பாட்டிப்போட்டுக் கதிரையில் இருந்தேன். இந்த மனிசன் ஐந்து மாதமாக என்னத்தை நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் நினைத்தது வேறு. நான் ஒளித்ததற்காகக் கோபம் என்று நினைத்தேன்.

நீச்சல் பழகியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை மச்சாள். எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் குளத்தைச் சுற்றிக் கழுவினேன். ஆளில்லாத நேரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரு நாள் அங்கே பழக்குகிற பெண், "நீங்கள் இதைக் கழுவ மட்டும்தானா?" என்று கேட்டாள். இறங்கினேன். பிறகு விடமுடியவில்லை. உயிர் காக்கிற வகுப்பும் அவள்தான் சேர்த்துவிட்டாள். வீட்டில் சொன்னால் எதற்கு, என்னத்துக்கு என்று கேள்வி வரும். எதற்கும் இல்லாத ஒன்று எனக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொன்னது பிழைதான்.

ஏரிக்குப் போகிறோம் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சுவர் இல்லாத தண்ணீரில் நான் நீந்தியதே இல்லை. அவர் நித்திரை, பிள்ளையும் நித்திரை. போய்விட்டு அவர்கள் எழும்ப முன்னம் வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நடுவில் போய் மல்லாக்கக் கிடந்தேன். காது தண்ணீருக்குள். அதனால் அவர் கத்தியது கேட்கவில்லை. திரும்பியபோதுதான் கண்டேன். சப்பாத்தோடு இறங்கி வந்துகொண்டிருக்கிறார். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு.

மச்சாள், எனக்கு ஒரு நிமிசம் விளங்கவே இல்லை. உங்கள் தம்பி நல்லவர். குடி இல்லை, கை நீட்டியதில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடமும் என் மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. எனக்கு ஏதும் நடந்தால் இவர் கரையில் நின்று கத்துவார், அவ்வளவுதான் என்று. குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் என்று நினைத்து அதோடு சீவித்துவிட்டேன். குளிக்கிற அறைத் தொட்டியில் ஒரு வாளிக்கு மேலே தண்ணீர் நின்றாலே பின்னுக்குப் போகிற மனிசன் அவர். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் தண்ணீருக்குள் தாண்டபோது எனக்குப் பயத்தைவிட அந்த அதிர்ச்சிதான் முதலில் வந்தது.

இனி எழுதுவது ஒருவருக்கும் சொல்லாதது.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, தாழுகிற ஆள் காப்பாற்ற வருகிறவரில் ஏறுவார். கழுத்தைப் பிடித்து அமத்திவிட்டுத் தான் மேலே வரப் பார்ப்பார். அது அவருடைய குற்றம் இல்லை, உடம்பு அப்படிச் செய்யும். ஆகவே பின்னால் போய்ப் பிடி என்பார்கள். எனக்கு அவசரத்தில் பின்னால் போக முடியவில்லை. கீழே போனபோது அவருக்கு நேர் முன்னால் அகப்பட்டுவிட்டேன். இரண்டு கையாலும் என்னைப் பிடித்தார். சரி, இரண்டு பேரும் முடிந்தோம் என்று நினைத்தேன்.

அவர் என்னில் ஏறவில்லை மச்சாள். என் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினார். கண் திறந்திருந்தது, வாயால் காற்றுப் போய்க்கொண்டிருந்தது, தான் கீழே போய்க்கொண்டு என்னை மேலே தூக்கினார். நான் கையை விலக்கினேன், திரும்பவும் பிடித்துத் தூக்கினார். விலக்கிவிட்டுத்தான் பின்னால் போய் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கரையில் என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். கோபம் இல்லை. அவரை அடித்தது எனக்கு நினைவே இல்லை, பிள்ளை சொல்லித்தான் தெரியும். இவ்வளவு காலமும் பிழையாகவே நினைத்துக்கொண்டு ஒரு மனிசனோடு இருந்திருக்கிறேன் என்றால், அதை எந்த வாயால் போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரியில் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. நாள் போகப் போக இன்னும் வரவில்லை.

மேல் அறையைக் கூட்டவேண்டாம்.

நாளைக்கு விடிய வேலை. இந்தக் கடிதத்தை உறையில் போடாமல் சாப்பாட்டு மேசையில் அவர் இருக்கிற பக்கத்தில் வைத்துவிட்டுப் போகப்போகிறேன். அவர் வாசித்த பிறகு முத்திரை ஒட்டட்டும்.

இனி நானும் எழுதுவேன். உடம்பைப் பாருங்கள்.

உங்கள் மச்சாள்,
சுலோஜனா

அக்கா, வாசித்தேன். அவளைத் தூக்கியது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் நீச்சல் குளத்தில் இருந்து வந்ததும் அவளிடம் கேட்கப்போகிறேன். - குரு